பங்காருபாளையத்து மழை



நெடும்பயணத்திற்கு ஏற்ற மடிக்கணினி ஒன்றை நான் எவ்வாறு தேர்ந்தெடுத்தேன் என்பதை இப்பாடத்தில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கருவியைப் பற்றிய செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். திரும்பப் பெற இயலாத ஒன்றை இழந்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

என் சொந்த ஊர் வந்தவாசிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். பணியின் பொருட்டுச் சில ஆண்டுகளாகக் கோலார் தங்கவயலில் வாழ்ந்து வருகிறேன். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அங்குக் குடியேறின. 3 கிலோமீட்டருக்கும் மிகுதியான ஆழம்வரை இறங்கி அவர்கள் தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று என் தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

விடுமுறை வந்தால் நான் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் புறப்படுவேன். முல்பாகல், பலமநேர், மொகிலி மலைப்பாதை, பங்காருபாளையம், சித்தூர், வேலூர், ஆரணி என நீளும் அவ்வழி 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நடந்து தமிழில் முடியும் பாதை அது. மலைப்பாதை இறங்கியதும் மாந்தோப்புகளுக்கு இடையே பங்காருபாளையம் வரும். சாலையோரத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி இளைப்பாறுவது என் வழக்கம். கடைக்காரர் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். எல்லைப் பகுதியின் பேச்சே அப்படித்தான்.

ஒருமுறை, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் தத்தம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சைக் குறிப்பெடுத்து வருமாறு கூறியிருந்தேன். ஒரு மாணவி, "ஐயா, எங்க தாத்தா நிறையச் சொல்வாரு. நீங்களே வந்து கேளுங்க" என்று அழைத்தாள். அம்முதியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர். இருட்டில் கூண்டு இறங்கும்போது காது அடைப்பதையும், பாறை வெடிக்குமுன் எழும் ஓசையையும், சங்கு ஊதாத நேரத்தில் ஊதினால் லைன் வீடுகளில் உள்ள பெண்கள் வாசலுக்கு ஓடிவருவதையும் நாற்பது நிமிடம் சொன்னார். அவர் குரலை என் மடிக்கணினியில் பதிவு செய்தேன். இரண்டு மாதங்களில் அவர் காலமானார்.

அப்பதிவைக் கேட்டு எழுதி, சிறு நூலாக்கி அம்மாணவிக்குக் கொடுக்க வேண்டும் என்று தீபாவளி விடுமுறைக்குப் புறப்பட்டேன். அவசரத்தில் கணினியை அணைக்கவில்லை. மேல்மூடியை மட்டும் மூடிப் பையில் இட்டு, வண்டியின் பின்னிருக்கையில் கட்டினேன். மொகிலி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. பங்காருபாளையத்தில் அதே தேநீர்க் கடையில் ஒதுங்கிப் பையைத் திறந்தேன். கணினி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. உள்ளேயிருந்து டிக், டிக் என்னும் ஓசை கேட்டது. கடைக்காரர் உலர்ந்த துண்டைக் கொடுத்து, "தண்ணி போயிடுச்சா சார்?" என்று கேட்டார். கெடுத்தது தண்ணீர் அன்று என்பதை வேலூரில் பழுதுபார்ப்பவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பழைய கணினிகளில் வன்தட்டு என்னும் உறுப்பு இருக்கும். அதனுள் ஒரு வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். அதாவது ஒரு நொடியில் 90 சுற்று. அதன்மேல் எழுத்தைப் படிக்கும் முனை, தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான இடைவெளியில் மிதந்து செல்லும். கணினியை முற்றிலும் அணைத்தால் அம்முனை பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிவிடும். என் கணினியோ பைக்குள் விழித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் முனை வட்டில் மோதியிருக்கிறது. "வட்டு முழுக்கக் கீறல் சார். இனி எடுக்க முடியாது" என்றார் அவர்.

விடுமுறை முடிந்து வகுப்பிற்குத் திரும்பியதும் அம்மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் எதுவும் பேசாமல் தன் இருக்கைக்குச் சென்றாள். மறுநாள் ஒரு பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். தாத்தா பேசியபோது அவள் எழுதிய நான்கு பக்கங்கள் அதில் இருந்தன. "குரல் போச்சுங்கய்யா. பேச்சுல கொஞ்சம் இருக்குது" என்றாள். அந்தச் சொல் இன்றுவரை என்னைவிட்டு அகலவில்லை.

அதன்பின் புதிய கணினி தேடத் தொடங்கினேன். விளம்பரத்தைப் பார்க்கவில்லை. என் பாதையையும் என் வேலையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். குலுக்கல், மழை, புழுதி, இடமின்மை, மின்சாரம் இன்மை ஆகியவை பாதையின் இயல்புகள். தமிழில் தட்டச்சு செய்தல், குரலைப் பதிவு செய்தல் ஆகியவை என் வேலைகள். படம் தொகுப்பதும் விளையாடுவதும் என் வேலைகள் அல்ல. ஆதலால் ஆற்றல்மிக்க பெரிய கருவி எனக்குத் தேவைப்படவில்லை.

முதலில் சேமிப்பகத்தைப் பார்த்தேன். எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. குலுக்கல் அதை எளிதில் தாக்காது. இரண்டாவது, அளவு. 15.6 அங்குலத் திரையுடைய கணினி ஏறத்தாழ 2 கிலோ எடை இருக்கும். அகலமான மெல்லிய உடல் பைக்குள் எளிதில் வளையும். 11.6 அங்குலக் கணினி கையடக்கமானது. ஆனால் நான் பார்த்தவற்றில் விசைகள் நெருக்கமாக இருந்தன. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்திருக்கும். இரு கைகளும் தடையின்றி இயங்க முழு அளவு விசைகள் வேண்டும். எனவே 12.5 அங்குலத் திரையைத் தேர்ந்தேன்.

மூன்றாவது, உறுதி. அமெரிக்க இராணுவத்தின் மில்-எஸ்.டி.டி.-810 என்னும் சோதனை முறையில் தேறியதாகப் பல கணினிகளின்மேல் எழுதியிருக்கும். அதிர்வு, வெப்பம், புழுதி, வீழ்ச்சி எனப் பல சோதனைகள் அதில் உண்டு. அவற்றுள் எவற்றை நடத்தினார்கள் என்பதை வாங்குபவரே கேட்டறிய வேண்டும். சான்றளிக்கும் பொது அமைப்பு ஏதும் இல்லை. முற்றிலும் கவசமிட்ட கணினிகளும் உள்ளன. அவற்றின் எடையும் விலையும் ஓர் ஆசிரியரின் தோளுக்கும் சட்டைப்பைக்கும் பொருந்துவன அல்ல. ஆகவே, அலுவலகங்களில் பயன்படுத்தி, பின் செப்பனிட்டு விற்கப்படும் கணினிகளைப் பார்த்தேன். விளிம்பு உறுதியாகவும், விசைப்பலகையின் அடியில் நீர் வடியும் துளைகளோடும், திருகாணியைக் கழற்றினால் மின்கலத்தை மாற்றக்கூடியதாகவும் ஒன்று கிடைத்தது. எடை 1.3 கிலோ.

நான்காவது, மின்சாரம். என் வண்டியில் உள்ள யு.எஸ்.பி. துளை 5 வோல்ட் அழுத்தத்தில் 2 ஆம்பியர் தரும். இரண்டையும் பெருக்கினால் 10 வாட். கணினியின் மின்னேற்றியோ 45 வாட் தருவது. ஆகவே வண்டியை நம்பாமல், நெடுநேரம் தாங்கும் மின்கலம் உள்ளதைப் பார்த்து வாங்கினேன்.

பயணத்திற்கென்று கணினியைத் தேர்ந்தவர்கள் எனக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கரான ஸ்டீவன் ராபர்ட்ஸ் 1983ஆம் ஆண்டு மிதிவண்டியில் தம் நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். எழுத்தே அவர் தொழில். டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்னும் சிறு கணினியை உடன் கொண்டு சென்றார். அதன் திரையில் 8 வரிகளே தெரியும். ஆனால் நான்கு சிறு மின்கலங்களில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். அதில் சுழலும் வட்டும் இல்லை. எழுதியவற்றை வழியில் கிடைத்த தொலைபேசி வாயிலாக அனுப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். அச்செய்தியைப் படித்தபோது என் பிழை எனக்கு விளங்கியது. எழுத்து அவருடைய கணினியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நானோ, ஒரு முதியவரின் குரலை ஒரே ஒரு பெட்டியில் வைத்து மலை இறங்கினேன்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பனையோலைச் சுவடியைவிடச் சிறிய, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க நூல் வேறு எது? ஆயினும் ஓலை நிலைத்திருப்பதில்லை. செல்லும் ஈரமும் அதை அரிக்கும். ஆதலால் ஓலை பழுதாகுமுன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பல ஊர்களில் பல படிகள் இருந்தமையால் ஒப்பிட முடிந்தது. ஒரே படியாக இருந்து அழிந்த நூல்கள் எத்தனையோ!

இப்பொழுதும் அதே வழியில் ஊருக்குச் செல்கிறேன். புறப்படுமுன் புதிய பதிவுகளை விரல் அளவுள்ள ஒரு சேமிப்புக் குச்சியில் படியெடுத்து வீட்டுப் பெட்டியில் வைக்கிறேன். இன்னொரு படியை இணையச் சேமிப்பகத்திற்கு அனுப்புகிறேன். கணினியை முற்றிலும் அணைத்து, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்க்கிறேன். நீர் புகாத உறையில் இட்டு, மடித்த துணிகளுக்கு நடுவே வைத்து, அதன்பிறகே பையைக் கட்டுகிறேன். பங்காருபாளையத்தில் கடைக்காரர் தேநீரோடு, "பெட்டி பாக லேதா? நல்லா இருக்குதா சார்?" என்று இரு மொழியிலும் நலம் கேட்பார். "பெட்டி நன்றாக இருக்கிறது. உள்ளே இருப்பது வீட்டிலும் இருக்கிறது" என்பேன்.

அம்மாணவியின் நான்கு பக்கங்களைத் தட்டச்சு செய்து, வகுப்பில் உள்ள அனைவருக்கும் ஆளுக்கொரு படி கொடுத்தேன். இப்போது அம்முதியவரின் பேச்சு முப்பத்திரண்டு வீடுகளில் இருக்கிறது. அவர் குரல் மட்டும் எங்கும் இல்லை.

நீங்களும் சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வளர்கிறீர்கள். உங்கள் பாட்டியும் தாத்தாவும் பேசும் தமிழில், எந்தப் பாடநூலிலும் இல்லாத சொற்கள் உண்டு. அவற்றைக் கேளுங்கள், எழுதுங்கள், இயலுமானால் குரலோடு பதிவு செய்யுங்கள். அன்றே இன்னொரு படி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கணினி வாங்குவது பிறகு நடக்கட்டும்.

பயிற்சி

1. ஆசிரியரின் கணினி பழுதானதற்கு மழை காரணமன்று. உண்மைக் காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக.

2. நீங்கள் அடிக்கடி செல்லும் ஒரு பயணத்தை நினைத்துக்கொள்க. அப்பாதையின் இயல்புகளையும் உங்கள் வேலைகளையும் இரு பட்டியல்களாக எழுதி, உங்களுக்கு ஏற்ற கருவி எது எனக் காரணத்துடன் கூறுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளுடன் எழுதுக. அதற்கு ஒரு படி எடுத்து நண்பரிடம் கொடுத்து வைக்க.