ஓரம் வெட்டிய மாயாவி

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பிறந்தவர், பார்சிலோனாக்காரர். லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோது, முதல் இதழிலிருந்தே ‘ஸ்டீல் க்ளா’ என்ற தொடருக்கு அவர்தான் படம் போட்டார். கதை எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், பின்னால் டாம் டல்லி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் பெரும்பாலும் எழுதியவர் பெயரும் வராது, வரைந்தவர் பெயரும் வராது. அதனால் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது அந்தப் பெயர்கள் கூட வரவில்லை. மாயாவியை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழுந்ததில்லை. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்களுக்குள் மாயாவி இருந்தார். அது போதுமாக இருந்தது.

இப்போது பெயர் போட்டே புத்தகம் வந்துவிட்டது. பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ்களின் உரிமையை 2018இல் வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம், ‘வேலியன்ட்’ பக்கங்களை முதலிலிருந்து வரிசையாகத் தொகுத்து 2021இல் வெளியிட்டது. அகலமான பக்கம், வெள்ளைக் காகிதம், அடர்ந்த கறுப்பு. மேசையில் விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து கண்ணை நிறைக்கிறது. சிறுவயதில் உள்ளங்கைக்குள் பார்த்த ஆளை இப்போதுதான் முழு உயரத்தில் பார்க்கிறேன்.

பிளாஸ்கோ எவ்வளவு பெரிய கலைஞர் என்பது இந்த அளவில்தான் தெரிகிறது. மாயாவி என்கிற லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கை ஏற்கெனவே விபத்தில் போய், அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வெடிப்பில் மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஓவியருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன? கதாநாயகன் பாதிக் கதையில் படத்திலேயே இல்லை. முகம் இல்லை, நடை இல்லை, தோள் இல்லை. மிஞ்சுவது ஒரு மணிக்கட்டும் ஐந்து விரலும். அதை வைத்துக்கொண்டே அவன் கோபமாக இருக்கிறானா, களைத்துப்போயிருக்கிறானா, ஓடி வந்து மூச்சு வாங்குகிறானா என்று காட்டியிருக்கிறார் மனிதர். கை எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலிருந்தே மீதி உடம்பை நம் கண் வரைந்துகொள்கிறது. எஃகின் மீது விழும் வெளிச்சத்துக்குக் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார். மற்றதெல்லாம் தூரிகைக் கறுப்பு. இந்த வேலையில் அவருடைய உடன்பிறந்தவர்களும் கைகொடுத்திருக்கிறார்கள். பார்சிலோனாவில் ஒரு குடும்பமே சேர்ந்து வரைந்ததை லண்டன் பிள்ளைகள் வாராவாரம் பார்த்தார்கள், சில வருடம் கழித்து நாங்கள் பார்த்தோம்.

இன்னொன்றும் தொகுப்பில்தான் எனக்குத் தெளிவானது. மாயாவி தொடக்கத்தில் நல்லவன் அல்ல. மின்சாரம் அவன் மனதையும் திரித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாதவனை யார் பிடிக்க முடியும் என்ற திமிரில் குற்றவாளியாகிறான். எனக்கு அறிமுகமான மாயாவி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி, நம்பி உயிரை ஒப்படைக்கக்கூடியவர். பிளக்கில் விரலை வைத்து மறைந்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறவர். எங்களுக்குக் கிடைத்த வரிசை அப்படி. எந்தக் கதை கைக்கு வந்ததோ அதுதான் முதல் கதை. ‘பாம்புத் தீவு’ படித்தவன் ‘நாச அலைகள்’ படித்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான், அவன் ‘உறைபனி மர்மம்’ படித்தவனைத் தேடிப் போவான். லண்டனில் வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்த கதைக்கு ஒரு தாளம் உண்டு. ஒவ்வொரு தவணையும் ஆபத்தில் போய் நிற்கும், அடுத்தது அதிலிருந்து கிளம்பும். தொகுப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது அந்தத் தாளம் நன்றாகக் கேட்கிறது. எங்கள் தாளம் வேறு. அதைக் கொடுத்தது என் மாமாவின் பைண்டிங்.

மாமா, அம்மாவின் தம்பி, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க டைரியும் கணக்குப் பேரேடும் தைத்த கை. ஊரில் கதை படிக்கும் வீடுகளில் வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கும் வழக்கம் அப்போது சாதாரணம். கல்கியும் சாண்டில்யனும் பல குடும்பங்களில் அப்படித்தான் புத்தகமானார்கள். மாமா அதையே மாயாவிக்குச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுப்பார். பின் இருந்த இடத்தில் இரண்டு துருக்கறை தெரியும். பிறகு அட்டைகளோடு சேர்த்து அடுக்கித் தட்டி, ஓரத்தில் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைப்பார். அடுப்பில் மைதாப் பசை கொதிக்கும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார். பசை லேசாக நீலம் பாயும். அதை நாங்கள் தொடக்கூடாது. முதுகுக்குப் பச்சைக் காலிகோ துணி, மேலே கெட்டி அட்டை. கடைசி வேலைக்கு மட்டும் புத்தகத்தை சிவகாசிக்குக் கொண்டுபோவார், மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டி வர.

அந்த வெட்டுதான் விஷயம். உள்ளே மடிப்புக்குள் சில எழுத்து முழுகிவிடும், வெளியே மெஷினில் சில எழுத்து போய்விடும். கட்டத்தின் ஓரத்தில் இருந்த வசனக் குமிழிகள் பாதியாக நிற்கும். “நிழற்ப” என்று ஒரு வரி முடியும். “ஆபத்” என்று ஒருவன் கத்துவான்.

“மாப்ள, ஓரம் கொஞ்சம் போயிருச்சு. நீயா சேத்துப் படிச்சுக்க” என்பார் மாமா.

சேர்த்துப் படித்தோம். நான், தங்கை, எதிர்வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் வழியாக அடுத்த தெரு. முழுச் சொல்லை யார் முதலில் சொல்வது என்று போட்டி நடக்கும். அந்த வால்யூமில் மாயாவி மட்டும் இல்லை. ஒரே அளவு என்ற ஒரே காரணத்தால் மற்றக் கதைகளின் லாரன்ஸும் டேவிட்டும், ஜானி நீரோவும் ஸ்டெல்லாவும் மாயாவியோடு ஒரே தையலில் கிடந்தார்கள். ஒரு கதை முடிந்து பக்கத்தைப் புரட்டினால் வேறு நாடு, வேறு ஆள், வேறு ஓவியர் கை. எல்லா மாயாவிக் கதையையும் பிளாஸ்கோ வரையவில்லை என்பதைப் பெயர் தெரியாமலே உணர்ந்திருந்தோம். சில கதைகளில் மாயாவியின் முகம் மாறிவிடும். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்ததும் “இது நம்ம ஆள் இல்ல” என்று பக்கத்தைத் தள்ளுவாள். யார் வரைந்தது என்று கேட்கத் தெரியாத வயதிலேயே பிளாஸ்கோவை அடையாளம் கண்ட கண் அவளுடையது. தேர்ந்த விமர்சனம் என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. (பின்னால், 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கி ஸ்பைடர் வந்தபோதும் இதே கதைதான். அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதுவும் யாருக்குத் தெரிந்தது?)

ஒரு தாள் இல்லாத இதழ் ஒன்றும் அதில் இருந்தது. யாரோ இரவல் வாங்கி, கிழித்துத் திருப்பித் தந்தது. மாமா அதை அப்படியே விடவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளை அதே அளவுக்கு வெட்டி, அந்த இடத்தில் வைத்துத் தைத்து, நீல மையில் விட்டுப்போன கதையை எழுதியிருந்தார். படம் கிடையாது. அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருபக்கமும் பத்துப் பதினைந்து வரி. மாயாவி பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகிறார். போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே கிடக்கும் பெரியவரைத் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்திருக்குமோ என்று நினைக்கிறார். பிறகு போகிறார். எங்கள் தெருவில் அந்தத் தாளை ஒருவரும் தாண்டிப் போனதில்லை. படமே இல்லாத அந்த இரண்டு பக்கத்தில்தான் மாயாவியின் முகம் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டை விற்றுவிட்டு மதுரைக்குக் குடிபெயர்ந்தபோது பாத்திரமும் பீரோவும் லாரியில் ஏறின. பரண்மேல் இருந்த சாக்குகள் எடைக்குப் போயின. பெரியவர்கள் எடுத்த முடிவு. நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். விடுமுறைக்கு வந்து புது வீட்டின் அலமாரியில் பச்சை முதுகைத் தேடினேன்.

அதற்குப் பிறகு மாயாவி கிடைக்காமலில்லை. மறுபதிப்புகள் வந்தன. 2022இல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது ஆனது. பழைய புத்தகக் கடைகளில் அசல் இதழ்களும் தென்படும், விலைதான் மூச்சை நிறுத்தும். எல்லாவற்றையும் ஆசையாகவே வாங்கி வைத்திருக்கிறேன். ரெபெல்லியன் தொகுப்பைப் பார்த்து மனம் நிறைந்தது என்பதும் உண்மை. பிளாஸ்கோவுக்குச் சேர வேண்டிய மரியாதை இத்தனை காலம் கழித்தாவது சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அந்த முழுமையான பக்கங்களில் என் கண் ஓரத்துக்கே ஓடுகிறது. வெட்டுப்படாத குமிழியில் சொல் முழுதாக நிற்கிறது. நான் சேர்க்க ஒன்றுமில்லை, போட்டிக்குத் தங்கையும் பக்கத்தில் இல்லை. மயில்துத்தம் கலந்த பசை காய்ந்த மணம் இந்தத் தாளில் வராது. அந்தத் தடித்த, சரியாக விரியாத, விட்டால் தானே மூடிக்கொள்ளும் புத்தகத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்த அழுத்தத்துக்கு முழங்கால் இன்னும் ஏங்குகிறது.

சென்ற பொங்கலுக்கு சிவகாசி போனபோது தொகுப்பை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்வை மங்கிவிட்டது, விரல்கள் மங்கவில்லை. படத்தைப் பார்க்கும் முன் புத்தகத்தைக் கவிழ்த்து முதுகைத் தடவினார். நடுவில் விரித்து மடிப்புக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார்.

“தையல் இல்ல மாப்ள. வெறும் பசை. நாலு பேரு படிச்சா தாள் தாளா வந்துரும்.”

பிறகு வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வராது, தேவையும் படவில்லை. ஆய்வுக்கூடம் வெடிக்கும் இடத்தில் தானே நின்றார். அந்த நோட்டுத் தாளைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். அதில் எழுதியதை யாரிடம் கேட்டு எழுதினார் என்று.

“யார்ட்ட கேக்க? இப்டித்தான் இருக்கும்னு எழுதுனேன்.”

அந்தக் கட்டங்களைக் காட்டினேன். அவன் போகிறான். வாசலில் நிற்பதும் இல்லை, கண்ணாடியைப் பற்றி நினைப்பதும் இல்லை. மாமா முன்னும் பின்னும் இரண்டு மூன்று பக்கம் புரட்டிப் பார்த்தார். வேறு எங்காவது தள்ளி வைத்திருப்பார்களோ என்று தேடுவது போலிருந்தது.

“இதுல அவன் திரும்பிப் பாக்கலையே” என்றார்.

“இல்ல மாமா. அசல்ல அது கிடையாது.”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “பைண்டிங் செக்சன்ல பூராப் பேரும் அந்தத் தாளப் படிச்சாங்க மாப்ள. ஒருத்தன்கூட இது இல்லன்னு சொல்லல.”