அவிழ்க்கத் தெரிந்த கட்டு

சென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். தகடு, ஆங்கிள், சேனல், கம்பி என்று லாரி லாரியாக வந்திறங்கும். அறுத்து, வளைத்து, பற்றவைத்துக் கொடுப்பது எங்கள் பட்டறையின் தொழில். வேலை பழக வரும் பையன்களுக்கெல்லாம் முதலில் இருப்பது ஒரே நம்பிக்கை: எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதி. போல்ட்டைக் கொடுத்தால் கழுத்து ஒடியும்வரை முறுக்குவார்கள். இரண்டு தகட்டைச் சேர்க்கச் சொன்னால் இடைவெளியே விடாமல் வெல்டிங் அடிப்பார்கள். பற்றவைத்த இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை ஒட்டிய ஓரம்தான் விரிசல் விடும் என்பது அவர்களுக்குத் தெரியக் கொஞ்ச காலமாகும்.

மனிதர்கள் விஷயத்திலும் நம்மில் பலருக்கு இதே நம்பிக்கைதான். குடும்பமோ கூட்டு வியாபாரமோ, இறுக்கிப் பிடித்தால் நிலைக்கும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் தெரிந்துகொண்டது சந்தையில் அல்ல, கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருவொற்றியூர்க் கரையில்.

படகுகளின் சுக்கான் தண்டு, விசிறித் தண்டு என்று பழுது பார்க்கும் வேலை அடிக்கடி வரும். அதற்காகக் காசிமேட்டுக்கும் குப்பங்களுக்கும் போவேன். அந்நாளில் மணல் நிறையக் கட்டுமரங்கள் கிடக்கும். கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும், பக்க மரங்கள் அதைவிட உயர்ந்திருக்கும். குறுக்கே கட்டை கொடுத்து, முன்பக்க அணியத்தில் ஒரு கட்டு, பின்பக்க அமரத்தில் ஒரு கட்டு. ஆணி கிடையாது. கயிற்றைச் சுற்றி, மரத்தில் காலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுப்பார்கள். ஒருநாள் இளவட்டம் ஒருவன் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "ரொம்ப இறுக்காத நைனா. மரம் ஆடறதுக்கு எடம் வுடு. இல்லாங்காட்டி கயிறுதான் அறுந்துக்கும்."

கடலில் பாய் விரித்தால் மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செருகி இறக்குவார்கள். காற்று மரத்தைப் பக்கவாட்டில் தள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும். கரை நெருங்கினால் உருவிவிடலாம். கரை சேர்ந்ததும் கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலேற்றிக் காயப்போடுவார்கள். மென்மரம் தண்ணீர் குடிக்கும். காயாவிட்டால் கனத்துப்போய் மிதப்புக் குறையும். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டு. நேற்றுக் கட்டியதுதானே என்று யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கடற்கரைக்கு இளகிய கட்டு புதிதல்ல. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் தென்னை நார்க்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது பலகை நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியக் கப்பல்களின் உறுதியான படகுகள் அந்த அலையில் உடைந்தன. நெளிந்து கொடுத்த மசூலா தப்பித்தது. யாராவது தவறி விழுந்தால் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்களாம்.

கட்டுமரம் தெப்ப வகையைச் சேர்ந்தது. இரண்டு தனிக் கலங்களைக் குறுக்கு உத்திரத்தால் பிணைக்கும் முறை பசிபிக் தீவுகளில் வளர்ந்தது. கட்டுமரம் என்ற நம் ஊர்ப் பெயர் ஆங்கிலேயர் வழியாகப் போய் அந்த இரட்டைக் கலத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே. ஒரு கலம் அலையின் முதுகில் ஏறும் நேரத்தில் இன்னொன்று பள்ளத்தில் இறங்கும். நடுவில் இருக்கும் உத்திரத்தைக் கடல் முறுக்கும். என்ன செய்வது?

அமெரிக்காவில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த நத்தானியல் ஹெரஷாஃப் இதற்கு ஒரு வழி கண்டார். 1876இல், தமது 28ஆம் வயதில், 'அமரில்லிஸ்' என்ற இரட்டைக் கலப் பாய்ப்படகைக் கட்டினார். கலங்களை உத்திரத்தோடு சேர்த்த இடத்தில் பந்து மூட்டு வைத்தார். நம் தோள்பட்டையில் இருக்கிறதே, அந்த மாதிரி. இடது கலம் ஏறினாலும் வலது கலம் தன் போக்கில் இறங்கலாம், நடுவில் எதுவும் முறியாது. அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் அது மற்ற படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் இது படகே இல்லை என்று புகார் செய்ய, பரிசு பறிபோனது. அத்தகைய படகுகளை வழக்கமான பந்தயங்களில் நெடுங்காலம் சேர்க்கவே இல்லை. 1877இல் ஹெரஷாஃப் தமது இரட்டைக் கல அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

அதற்குப்பின் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் இளைஞர்களுக்குச் சொல்வேன். உலகம் ஏற்காததைப் பிடித்துக்கொண்டு கசந்துபோய் உட்காரவில்லை. ஒற்றைக் கலப் படகுகளை வடிவமைக்கப் போனார். 1893 முதல் 1903 வரை அமெரிக்கா கோப்பை என்ற பாய்ப்படகுப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவை அவர் வடிவமைத்த படகுகள். அவர் விட்டுப்போன இரட்டைக் கலமும் வீணாகவில்லை. 2013இல் அதே அமெரிக்கா கோப்பைக்காக சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதியவை இரட்டைக் கலங்கள். அவற்றின் பாய் விமான இறக்கை போல இருந்தது. பலகைகளை இறக்கி, தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடின.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம் வேறு மாதிரி ஆள். 1950களில் தானே கட்டிய சிறிய இரட்டைக் கலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தவர். பின்னாளில் அவர் வடிவமைத்த படகுகளில் உத்திரங்களைப் போல்ட் போட்டு முறுக்காமல் கயிற்றால் கட்டினார். பட்டறைக்காரனான எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான். போல்ட் போட்ட இடத்தில் அழுத்தம் ஓர் ஓட்டையைச் சுற்றிக் குவியும். கயிறு அதைப் பல சுற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். நைந்தால் கண்ணுக்குத் தெரியும், உடனே மாற்றிவிடலாம். போல்ட்டோ உள்ளுக்குள் துருவேறி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாரியர் மூன்று கலப் படகுக்கு மடக்கும் கைகளைப் பொருத்தினார். 1985வாக்கில் வந்த அவருடைய எஃப்-27 படகு, விரித்தால் ஏறக்குறைய 19 அடி அகலம். மடக்கினால் எட்டரை அடிக்குள் அடங்கி, காருக்குப் பின்னால் சாலையில் இழுத்துப் போகலாம். கடலில் சாயாமல் நிற்க அகலம் வேண்டும். சாலையில் அந்த அகலத்தை மடக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். அலுவலகத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே விறைப்போடு நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் படகு நினைவுக்கு வரும்.

நம் சென்னையிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்வளத் திட்டம், அலைக்கரையில் நேராக ஏறி இறங்கக்கூடிய படகுகளை உருவாக்க முயன்றது. விசிறி தரையில் தட்டி உடைவதுதான் பெரிய தலைவலி. என்ஜின், தண்டு, விசிறி மூன்றையும் ஒரே அச்சில் பொருத்தி, கரை வந்ததும் மொத்தமாகச் சாய்த்து விசிறியை மேலே தூக்கும்படி செய்தார்கள். அது ஒற்றைக் கலப் படகுதான். ஆனாலும் பாடம் அதே பாடம்: ஆழத்தில் இறக்க வேண்டியதை ஆழத்தில் இறக்கு, ஆழம் குறைந்தால் தூக்கிக்கொள். வீட்டில் வாக்குவாதம் மூளும்போதும் நாக்கை இப்படித் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் பிழைத்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்று கடலில் ஓடும் பெரிய இரட்டைக் கலங்கள் பெரும்பாலும் அசையாத பிணைப்பு உள்ளவை. கடலின் முறுக்கை எதிர்த்து நிற்க அவற்றுக்குக் கனமான உத்திரம், உயர்ந்த பொருள், பெருஞ்செலவு எல்லாம் தேவை. இறுக்கமாக இருக்கக் கூடாது என்பதல்ல. அதற்கு ஒரு விலை உண்டு, அவ்வளவுதான். அதேபோல, இடம் விடச் சொன்ன அந்தக் குப்பத்துப் பெரியவர் கட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தளர்ந்த கட்டோடு போனால் மரங்கள் நடுக்கடலில் ஆளுக்கொரு திசையில் போய்விடும்.

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் இரும்பு வியாபாரம் செய்தார்கள். ஒரே கல்லா, ஒரே அடுப்பு, எந்தக் காலத்திலும் பிரியக் கூடாது என்பது அப்பா போட்ட கட்டளை. கடையில் சண்டை வந்ததே இல்லை. சண்டை வந்ததெல்லாம் ஓரத்தில்: யார் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், யார் மச்சானுக்குக் கடனில் சரக்கு, பொங்கலுக்கு யார் மனைவிக்கு என்ன புடவை. மருமகள்கள் இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. கடைசியில் அவர்களுடைய அம்மா ஒரு முடிவெடுத்தார். அடுப்பு இரண்டு, வீட்டுக் கணக்கு இரண்டு. கிடங்கும் வியாபாரமும் ஒன்று. மாதம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அப்பாவின் திதிக்கு எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் அந்த அம்மாவை ஏசினார்கள். இன்று அந்தக் கிடங்கை நடத்துவது அவருடைய பேரப்பிள்ளைகள். அண்ணன் மகனும் தம்பி மகனும் சேர்ந்து.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனால் மரம் தனியாகக் காய்ந்தால்தான் சேர்ந்து மிதக்கும் என்று தெரிந்திருந்தது. மகன் வேலைக்காக வெளியூர் போவதும், மகள் தனக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதும், மனைவி ஒரு வாரம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருவதும் உறவு அறுந்ததற்கு அடையாளம் அல்ல. காய நேரம் கொடுக்காமல் நாளெல்லாம் கட்டியே வைத்திருக்கும் உறவு ஊறி ஊறிக் கனக்கும். கனத்தது ஒருநாள் தாழும்.

திருவொற்றியூர்க் கரையில் இன்று மரம் காயப்போட மணல் அதிகமில்லை. கடல் அரித்தது போக, அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் கிடக்கின்றன. ஃபைபர் படகு வந்தபின் மரம் கட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. சுனாமிக்குப் பிறகு அது இன்னும் வேகமாக நடந்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஃபைபர் படகு வேகமாகப் போகிறது, மீனவனின் உடம்பு நோவும் குறைந்திருக்கிறது. ஆனால் கட்டத் தெரிந்த அந்தக் கைகள் வைத்திருந்த அறிவு படகோடு போய்விட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலோ தொழிலிலோ இறுகிப்போன உறவு ஒன்று இருந்தால், இன்னும் முறுக்காதீர்கள். எந்த முடிச்சு அழுத்துகிறது என்று எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். அதை அவிழ்த்து, இருவரும் கொஞ்ச நாள் அவரவர் வெயிலில் காயுங்கள். கயிற்றை மட்டும் எறிந்துவிடாதீர்கள். மறுபடி கட்ட அது வேண்டும்.