சேற்றின்மேல் பாதை போடுவோர்

மலைப்பாதை அமைப்பவர்களுக்குப் பாறை அவ்வளவு பெரிய விரோதியல்ல. உடைத்துப் போகலாம், உடையாவிட்டால் சுற்றிப் போகலாம். அயர்லாந்தின் மலைகளில் அவர்களுடைய சாமர்த்தியத்தைச் சோதிப்பது, பாறையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் கரிமண். மழை விடாத அந்தப் பிரதேசத்தில், நீரில் ஊறி, மக்க வழியின்றி, பாசியும் புல்லும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான இம்மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. ஒருவர் குதித்தால், நாலடி தள்ளி நிற்பவருடைய காலடி அசைகிறது. அதை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த மக்கள், இப்போது அதன்மேல் குழந்தைகளும் வயோதிகர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் போகத்தக்க வழி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமென்று போயிருந்தேன்.

டப்ளின் நகருக்குத் தெற்கே விக்லோ மலைகளின் ஊடே செல்லும் ‘விக்லோ வே’ அந்நாட்டின் முதல் நெடுந்தூர நடைபாதை. நடைப் பிரயாணங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்த ஜே. பி. மலோன் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, 1980-இல் அதன் முதற்பகுதி திறக்கப்பட்டது. ஜனங்கள் திரளாக வரத் தொடங்கியதும் ஒரு விபரீதம் நேர்ந்தது: சேற்றை மிதிக்கக் கூசியவர்கள் ஓரமாக ஒதுங்கி நடக்க, அந்த ஓரமும் சேறாகி, பின்னால் வந்தவர்கள் அதற்கும் அப்பால் ஒதுங்க, ஒற்றையடிப் பாதையாக இருந்தது வண்டிப் பாதையின் அகலத்துக்குப் பெருத்துப் பாசியையெல்லாம் கொன்றுவிட்டது. ஆகவேதான், 725 மீட்டர் உயரமுள்ள ஜௌஸ் சிகரத்தை நோக்கிச் செல்லும் மேட்டின்மேல், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நீளவாக்கில் போட்டிருக்கிறார்கள்.

நான் சென்ற அன்று ஒரு சிறு குழுவினர் அங்கே பழுது பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். அறுவடைக்கும் கரிமண் வெட்டுக்கும் அண்டை அயலார் கூடிக் கைகொடுத்த பழைய கிராம வழக்கத்தின் பெயரைத் தாங்கி 2002-இல் தோன்றிய ‘மௌன்டன் மெஹல்’ போன்ற தொண்டர் சங்கங்கள் அந்நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழு. “பார்க்க வந்தீர்களா, பிடிக்க வந்தீர்களா?” என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், ஒரு கட்டையின் மறுமுனையை என்னிடம் தள்ளினார் நரைத்த தாடிக்காரர் ஒருவர். தூக்கிய பிறகுதான், அதை மலைமேல் கொண்டுவந்து சேர்ப்பதே பாதி வேலை என்பது எனக்கு விளங்கிற்று. கடைக்கால் எடுக்க அடித்தரை அகப்படாத அந்நிலத்தில், கீழே குறுக்குக் கட்டைகளைப் பரப்பிப் பாரத்தைப் பங்கிட்டு, மேற்கட்டைகளை மிதக்கவிடுவதே உபாயம். அவற்றின்மேல் கம்பிவலையை இழுத்துப் பரப்பி, வளைந்த ஆணிகளால் அறைகிறார்கள். இல்லாவிட்டால் ஈரமும் பாசியும் சேர்ந்து வழுக்கும். ஒவ்வொரு முழத்தையும் முடித்தவுடன் தாடிக்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் வலையை மெல்லத் தடவிப் பார்த்தார். ஒரு கம்பி முனை நிமிர்ந்திருந்தாலும், அதில் ஒரு குழந்தையின் செருப்போ கிழவியின் கைத்தடியோ மாட்டுமாம்.

“ஆனால் இது காலுள்ளவர்களுக்கான பாதை; சக்கரத்துக்கு ஆகாது” என்று அவரே ஒப்புக்கொண்டு, கிளாராவுக்குப் போய்ப் பார்க்கும்படி சொன்னார்.

ஆஃபலி மாவட்டத்திலுள்ள கிளாரா சதுப்பு, 1987 முதல் இயற்கைக் காப்பகமாக இருந்துவருவது. அதன்மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பலகைப் பாதை வளைந்து சுற்றி வருகிறது. இத்தகைய பாதையின் கைத்திறன் முழுவதும் அங்குலக் கணக்கில் அடங்கியிருக்கிறது. பலகைகள் போகும் திசைக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். நீளவாக்கில் கிடந்தால் நாற்காலியின் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். குறுக்கே போட்டாலும் இடைவெளி விரற்கடையைத் தாண்டலாகாது. அடியோடு இல்லாமலும் போகலாகாது, ஏனெனில் மழைநீர் வடிய வழி வேண்டும். சரிவு இருபதடிக்கு ஓரடி என்றால் உத்தமம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால், தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும். சக்கரம் நழுவாதபடி விளிம்பில் தாழ்ந்த தடுப்பு, எதிரெதிரே வருபவர்கள் விலகிக்கொள்ள அகலமான இடம், கைப்பிடியுள்ள பெஞ்சு ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும், ‘எல்லாருக்குமான பாதை’ என்ற பலகை வெறும் விளம்பரம்தான்.

நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டி, நடந்து போன நாங்களெல்லாம் பார்க்கத் தவறியதைப் பேரனுக்குச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்: பலகையின் ஓரத்தில், காசளவு இலைகளில் சிவந்த மயிர்கள் சிலிர்க்க, ஒவ்வொரு நுனியிலும் பசைத்துளி மின்ன, ஒரு கொசுவைப் பிடித்துவைத்திருந்தது, நம் ஊர் அழுகண்ணியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி.

வடக்கே ஃபெர்மனா மாவட்டத்தில் குல்கா மலைமேல் 2015-இல் அமைத்த பலகைப் பாதை மகா கீர்த்தி பெற்றது. அது சதுப்பைக் காக்கவே போடப்பட்டதென்பதும், காக்கிறதென்பதும் மெய். ஆனால் அதன் முடிவில் நூற்றுக்கணக்கான மரப்படிகள் ஏறுகின்றன. அவற்றின்முன் அந்த மூதாட்டி நின்றுவிட வேண்டியதுதான். சிகரம் வரை எல்லாரையும் ஏற்றிவிட முடியாது என்பதை நான் ஆக்ஷேபிக்கவில்லை. படம் எடுக்க வருபவர்களை உத்தேசித்துச் செலவிடுமுன், தாழ்ந்த மட்டத்தில் ஒரு சுற்றையாவது சக்கரத்துக்கென ஒதுக்குவது நியாயம் என்பதே என் கட்சி.

லாங்ஃபோர்டு மாவட்டத்தில் கார்லியா என்னுமிடத்தில், கி.மு. 148-இல் வெட்டிய ஓக் மரப்பலகைகளைப் பரப்பிச் சதுப்பின்மேல் போட்ட சாலை ஒன்றைக் கரிமண்ணின் அடியிலிருந்து எடுத்து, பதினெட்டு மீட்டர் நீளத்தைக் கட்டடத்துக்குள் பாதுகாத்திருக்கிறார்கள். மரத்தின் வளையங்களை எண்ணியே ஆண்டைக் கணித்தார்கள். குறுக்கே பலகை, அடியில் நீளக் கழிகள். இன்றைய முறைக்கும் அதற்கும் அதிக பேதமில்லை. தன் பாரத்தாலேயே அது சில ஆண்டுகளில் சேற்றில் அமிழ்ந்துபோயிற்று. அமிழ்ந்ததனாலேயே, காற்றுப் படாமல், இரண்டாயிரம் ஆண்டுகள் இற்றுப்போகாமல் கிடந்தது. மூழ்கிய மரம் கெடுவதில்லை. நனைவதும் உலர்வதுமாக இருக்கும் மேற்பரப்பே முதலில் கெடுகிறது. விக்லோவில் அந்தத் தாடிக்காரர், பார்வைக்குத் திடமாயிருந்த கட்டைகளையெல்லாம் திருப்புளியால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே குத்திக் குத்திப் பார்த்து, முனை உள்ளே போன கட்டைகளின்மேல் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான்.