முறத்தில் ஒதுங்கிய சத்து

தர்மபுரி மாவட்டம், பென்னாகரத்தை அடுத்த ஒரு கிராமம். காலை ஒன்பதரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ரேஷன் கடை வாசலில் பைகள் வரிசையில் நின்றன. பைக்குச் சொந்தக்காரர்கள் எதிரே புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கைரேகை வைத்து, பில் வாங்கி வெளியே வந்த ஒரு பெண்ணிடம் பையைக் காட்டச் சொன்னேன். விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கூடவே 2 கிலோ ராகி. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி தரும் திட்டம் 2023-இல் தொடங்கியது.

“ராகி வீட்டுல செலவாகுதா?” என்று கேட்டேன்.

“எனக்கும் அத்தைக்கும் களி கிண்டுவேன். பசங்க தொட மாட்டாங்க” என்றார்.

அவருடனேயே வீட்டுக்கு நடந்தேன். திண்ணையில் அவருடைய மாமியார் போன மாத அரிசியை முறத்தில் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல் பொறுக்குகிறார் என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால், முறத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தவை அரிசி போலவே இருந்த, நிறம் மட்டும் சற்று மாறிய மணிகள்.

“பிளாஸ்டிக் அரிசி கண்ணு. தண்ணியில போட்டா மிதக்குது. புள்ளைங்க வயித்துக்கு ஆகாதுன்னு எடுத்துடறேன்.”

எனக்கு மனசு கனத்துவிட்டது. பேரப்பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தால் அந்தப் பாட்டி எடுத்தெறிந்தது, அந்தப் பிள்ளைகளுக்காகவே சேர்த்த சத்து. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவில் செய்த மணிகள் அவை. 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் சேர்க்கப்பட்டவை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் எல்லா ரேஷன் கடைகளிலும் இந்தச் செறிவூட்டப்பட்ட அரிசியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்தது.

பதினொரு மணிக்கு அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம். பாட்டியும் வந்தார், ஒதுக்கிய மணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு. அங்கன்வாடி டீச்சர் எதுவும் விளக்கவில்லை. மணிகளை வெந்நீரில் ஊறப்போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டியின் உள்ளங்கையில் வைத்து, “நசுக்குங்கம்மா” என்றார். பாட்டி கட்டைவிரலால் அழுத்தினார், மாவாகக் குழைந்தது. “பிளாஸ்டிக் குழையுமா?” என்று டீச்சர் கேட்டதும், பாட்டி விரலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார்கள். ரேஷன் ராகியை அரைத்த மாவு, வெளியே நின்ற மரத்தில் பறித்த முருங்கைக்கீரை, வெங்காயம், உப்பு. கையால் தட்டிக் கல்லில் அடை போட்டார்கள். தொட்டுக்கொள்ள ரேஷன் பருப்புக் கடையல், இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை. களியைத் தொடாத பையன் இரண்டாவது அடைக்குக் கை நீட்டினான்.

வேலைக்கு நடுவே டீச்சர் சொன்னவை மூன்றே விஷயங்கள்: கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழிந்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சரியாகச் சேராது. வடிகஞ்சியில் வைட்டமின் இறங்கிவிடும். அதைக் கீழே கொட்டக் கூடாது. ராகியைப் பற்றி நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான்.

அன்று சமைத்ததில் பெரும்பங்கு ரேஷன் பையிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தது. ஏழை வீட்டுக்குச் சத்தான சாப்பாடு எட்டாது என்ற பேச்சை நான் இனி ஏற்க மாட்டேன். பொருளைக் கொடுக்கிற அரசு, அதைச் சமைக்கிற விதத்தையும் அதே கடை வாசலில் ஓர் அடுப்பு வைத்துக் காட்ட வேண்டும். புளியமர நிழலில் காத்திருக்கும் அந்த அரை மணி நேரமே போதும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ரேஷன் அரிசியில் அந்த மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தால், நான்கைந்தை வெந்நீரில் ஊறவைத்து அவர்கள் கையாலேயே நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.