உப்புத் தின்ற வண்டி

மார்ச் 9

டிசம்பர் மாதத்திலிருந்து பெரும்பாலும் பூஜ்யத்தின் கீழேயே முடங்கிக் கிடந்த வெப்பமானி இன்று காலை 7 பாகைக்கு ஏறி நின்றதைக் கண்டு, கம்பளிக் குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு, அநேக நாட்களுக்குப் பிறகு வெறுந்தலையோடு வாசலுக்கு இறங்கினேன். ஸ்காபரோவில் இப்படியொரு தினம் வாய்த்ததும் வசந்தம் வந்துவிட்டதென்று நம்புகிறவன் புதிதாய் வந்தவன். இன்னும் இரண்டு பனிப்பொழிவாவது பாக்கியிருக்கிறதென்று சொல்லிக்கொண்டே வெயிலில் நிற்கிறவன் பழையவன். நான் இரண்டாவது வகுப்பில் சேர்ந்து பல வருஷங்களாகின்றன.

வெயில் உடம்புக்கு இதமாக இருந்தது. அது கண்ணுக்குக் காட்டிய காட்சிதான் இதமாக இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன் கருநீல நிறத்தில் வாங்கிய என் கார், மேனியெங்கும் திருநீற்றைக் குழைத்துப் பூசிக்கொண்ட பண்டாரத்தைப் போல வெளுத்து நின்றது. கதவை உரசிக்கொண்டு இறங்கிய குற்றத்துக்கு என் கறுப்புக் காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கீற்று விழுந்திருந்தது. பனிக்காலத்தில் இந்த நகரத்தில் கார் ஓட்டுகிற எவருடைய காற்சட்டையிலும் அந்த முத்திரையைக் காணலாம்.

இந்த வெள்ளை தூசியன்று, உப்பு. தண்ணீர் பூஜ்யத்தில் உறைந்துவிடும். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கரைந்த நீரோ பூஜ்யத்துக்குக் கீழே 21 பாகை வரையில் உறையாமல் தாக்குப்பிடிக்கும். இந்த ஒரு பௌதிக நியாயத்தை நம்பித்தான், முதற்பனி விழுந்த இரவிலிருந்து கடைசிப் பனி கரைகிற வரையில், மஞ்சள் விளக்குச் சுழல உப்பு லொறிகள் ஊரெங்கும் உருண்டுகொண்டிருக்கின்றன. ஏட்டில் 21 பாகை என்றிருந்தாலும், பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டிக் குளிர் இறங்கியதும் கல்லுப்பு சோம்பிப்போகிறது. அப்போது நகராட்சியார் உப்புநீரோடு பீட் கிழங்குச் சாற்றைக் கூடக் கலந்து தெளிப்பதுண்டு. வீதிக்கு ரசம் வைக்கிற தேசம் இது என்று வேடிக்கையாகச் சொல்லலாமேயொழிய, அந்த ரசத்தின் புண்ணியத்தால்தான் எத்தனையோ பேர் இரவில் கையும் காலும் முறியாமல் வீடு வந்து சேருகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

மார்ச் 10

சக்கரம் மாற்றுவதற்கு நாள் கேட்கப் போன இடத்தில், கராஜ் வைத்திருக்கும் தம்பி என்னைச் சும்மா அனுப்பவில்லை. ஊரில் நான் வாத்தியாராக இருந்தவன் என்பதால் இன்றைக்கும் அவருக்கு நான் மாஸ்டர்தான். காரை லிஃப்டில் தலைக்கு மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, "மாஸ்டர், மேலை பளபளப்பாத்தான் வைச்சிருக்கிறியள். கீழை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைத்தார்.

பதினொரு வருஷம் ஓட்டிய வண்டியின் அடிவயிற்றை முதல் தடவையாக இன்றுதான் அண்ணாந்து பார்த்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களில் பாசி படர்ந்ததுபோல் செம்பழுப்பு. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தகட்டின் மடிப்பில் வெள்ளைப் பொருக்கு. அதற்குச் சற்று உள்ளே, பென்சிலைவிட ஒல்லியாக முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பிரேக் குழாய்களில் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் துரு. தம்பி ஒரு திருப்புளியின் பிடியால் தகட்டைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடம் தொண்டை கட்டியவன் குரலில் பேசியது.

"கறள் பிடிக்கத் தொடங்கியிட்டுது, ஆனா ஓட்டையாகேல்லை. உப்பைக் கழுவி, நல்லாக் காயவிட்டுக் கொண்டு வாங்கோ, எண்ணெய் அடிச்சு விடுறன்."

"இப்பவே அடிச்சுவிட்டால் என்ன, தம்பி?"

"உப்புக்கு மேலை எண்ணெய் அடிச்சா, கள்ளனை உள்ளுக்கை வைச்சுக் கதவைப் பூட்டின மாதிரி, மாஸ்டர்."

இன்னொன்றும் கேட்டார்: இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறேன் என்று. மகள் வீட்டில் சூடாக்கிய கராஜுக்குள் நிறுத்துகிறேன் என்று கொஞ்சம் பெருமையோடே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் உப்பு உபத்திரவம் செய்வது குறைவு. உப்பும் ஈரமும் வெதுவெதுப்பும் ஒன்றுகூடுகிற இடத்தில்தான் துரு ஓட்டமெடுக்கும். நான் பரிவென்று நினைத்து நாலைந்து பனிக்காலங்களாகச் செய்து வந்தது, வண்டியைப் பொறுத்தமட்டில் பரம அபசாரம்.

மார்ச் 15

இன்று 9 பாகை, மேகமில்லை. பனிக்காலத்தில் வெடித்துவிடக் கூடாதென்று நிலவறையில் அடைத்து வைத்த வெளிக்குழாயின் வால்வைத் திறந்ததும், அது இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது.

முன்சக்கரங்களைச் சாய்மேடைகளின் மீது ஏற்றி, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கலாகாது என்பதைத் தம்பி மும்முறை சொல்லியிருந்தார். ஆனால் அடியில் நுழையவே அவசியமில்லாத ஒரு யுக்தியையும் அவரே சொல்லித் தந்திருந்தார்: கோடையில் புற்றரைக்குத் தண்ணீர் தெளிக்கிற, இடமும் வலமுமாக விசிறிபோல் ஆடுகிற ஸ்பிரிங்க்ளரை வண்டியின் வயிற்றுக்குக் கீழே தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவது. சிரசின் மேல் சொரிவதே அபிஷேகம் என்று அறுபது வருஷம் நம்பியிருந்த எனக்கு, கீழேயிருந்து மேல்நோக்கி நடந்த இந்தத் தலைகீழ் அபிஷேகத்தைக் கண்டு சிரிப்பு வந்தது. ஜன்னலில் நின்ற பேரன், "அம்மப்பா, கார் குளிக்குதோ?" என்று உள்ளேயிருந்து கூவினான்.

முன்புறம் இருபது நிமிஷம், நடுவில் இருபது, பின்புறம் இருபது. அழுத்தத்தால் பிய்த்தெறிவதைவிட, நேரங்கொடுத்து ஊறவைத்துக் கரைப்பதே இந்த வேலையின் சூட்சுமம். மிகுந்த அழுத்தத்தோடு பீச்சுகிற இயந்திரத்தை மின்கம்பிகளின் இணைப்பிலும் சக்கர அச்சின் அடைப்பிலும் நெருக்கிப் பிடித்தால், உப்புநீரை நாமே உள்ளே ஏற்றிவிட்டவர்களாவோம். முதலில் அரிசி களைந்த நீரைப்போல் வந்தது. பிறகு சாம்பல் நிறம். கடைசி இருபது நிமிஷத்தில்தான் தரையின் நிறம் தெரிந்தது.

அதன்பின் கைவேலை. சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் உள்விளிம்பில், வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி, ஒரு விரல் அகலத்தில் ஒரு திண்ணை இருக்கிறது. கையுறையோடு அதற்குள் விரலை விட்டு இழுத்தபோது, இடியாப்ப மாவைப் போல இறுகிப்போன சேறு ஒரு பிடி வந்தது. உடைத்துப் பார்த்தால் மணல், உதிர்ந்த இலையின் நரம்பு, இவற்றிடையே கரையாமல் கண்ணாடித் துணுக்காய் மின்னுகிற உப்புப் பரல்கள். நான்கு சக்கரங்களிலும் நான்கு பிடிக்குக் குறைவில்லை. மாதக்கணக்கில் ஈரம் காயாமல் இரும்போடு ஒட்டியிருந்த அந்தச் சேறே மெய்யான சத்துரு. கண்ணில் பட்ட வெள்ளைப் பூச்சு அதன் விளம்பரப் பலகை மாத்திரமே.

கதவுகளின் அடிவிளிம்பில், உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவையும் அடைபட்டிருந்தன. தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குத்தினேன்; மூன்றாவது துவாரத்திலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகி, நின்று, மீண்டும் ஒழுகியது. இந்தக் காரை வடிவமைத்தவர்கள் எந்தக் கருவியை மனத்தில் வைத்தார்களோ, எனக்கு வாய்த்தது தென்னை ஈர்க்கு.

மார்ச் 16

நேற்றைய பெருமை நேற்றோடு போயிற்று. காய்ந்த வண்டியைக் குனிந்து பார்த்தால், தகட்டு மடிப்புகளில் மறுபடியும் வெள்ளை. ஊரில் கடலோரத்து வீடுகளில், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரடியில் உவர் பூத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஊறிய உப்பு, நீரைப் பற்றிக்கொண்டு வெளியே வந்து, நீர் ஆவியானதும் தான் மட்டும் தங்கிவிடும். இங்கும் அதே விருத்தாந்தம். எனவே இரண்டாம் முழுக்கு, மாலையில் மூன்றாவது. உப்பு போய்விட்டதா என்பதைக் கழுவும்போது அறிய முடியாது, காய்ந்த பிறகே அறிய முடியும்.

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. இரும்பைத் தின்பவை தண்ணீரும் பிராணவாயுவும். ஆனால் தெளிந்த நீரில் மெத்தனமாக நடக்கிற அந்தக் காரியம், உப்புக் கரைந்ததும் மின்சாரம் சுலபமாகப் பாய்கிற பாதை கிடைத்து, தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி மின்கலமாக மாற, வேகம் பிடிக்கிறது. வண்டிக்கு மாத்திரம் இந்தக் கதியில்லை. ரொறன்ரோவின் கார்டினர் மேம்பாலச் சாலையில் கொங்கிறீற்றுத் துண்டுகள் உதிர்ந்து விழுந்ததற்கு உப்பு புகுந்து உள்கம்பிகள் துருவேறி வீங்கியதே காரணம். 2012 ஜூன் 23-ஆம் தேதி, இதே ஒன்ராறியோ மாகாணத்து எலியட் லேக் என்னும் சிற்றூரில், கூரையையே கார் நிறுத்துமிடமாகக் கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இரண்டு பெண்கள் மாண்டார்கள். முப்பது வருஷமாக மேலே நின்ற கார்களிலிருந்து சொட்டிய உப்புநீர், கூரை வழியே கசிந்து, ஒரு தூணையும் உத்தரத்தையும் பிணைத்திருந்த ஒட்டைத் தின்று தீர்த்திருந்தது. பிரேக் குழாய் விஷயமும் விளையாட்டன்று. பழைய லொறிகளில் அது துருவேறி வெடித்த முறைப்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பனிப் பிரதேசத்தில் உள்ளவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைத் தவறாமல் கழுவ வேண்டுமென்று 2015-இல் அறிவுறுத்தியது.

மார்ச் 22

வெள்ளை பூக்காமல் மூன்று நாட்கள் கடந்த பிறகு வண்டியைக் கொண்டுபோய் எண்ணெய் அடித்தாயிற்று. திரும்பும் வழியில், வீட்டுக்கு அருகே ஓடும் ஹைலண்ட் ஓடைக்கரையில் சற்று நடந்தேன். நடக்கும்போது ஒரு கணக்கு மனத்தை அரித்தது: நான் கழுவிய உப்பு எங்கே போயிற்று?

வாசலில் வடிந்த நீர் வீதியோரத்துக் கிராதிக்குள் இறங்கிற்று. மழைநீர்க் குழாய் இந்த ஓடைக்கு வரும். ஓடை ஒன்ராறியோ ஏரிக்குப் போகும். பணங்கொடுத்துக் கழுவும் நிலையத்துக்குப் போயிருந்தால், எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் சுத்திகரிப்பில் நின்றிருக்கும். கரைந்த உப்போ அங்கும் நில்லாமல் ஏரிக்கே போயிருக்கும். நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய குளோரைடு லீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று கனடாவில் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 6 கிராம், 30 லீற்றர் தெளிந்த நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். இந்தத் தேசம் வருஷமொன்றுக்கு வீதிகளில் கொட்டுவதோ ஏறத்தாழ 50 இலட்சம் தொன். வீதியுப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று மத்திய அரசின் ஆய்வு 2001-இலேயே தீர்மானித்து, 2004-இல் அதற்கொரு நடைமுறைக் கோவையும் வெளியிட்டது. வீதியை உப்பில்லாமல் விடவும் முடியவில்லை, உப்பை வீதியிலேயே நிறுத்தவும் முடியவில்லை.

இந்த உப்பில் ஒரு பகுதி, இங்கிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோடரிச் என்னும் ஊரில், ஹியூரன் ஏரியின் அடியில் அரைக் கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெட்டியெடுக்கப்படுகிறது. 1866-இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு எண்ணெய்க்குப் பதில் உப்புக் கிடைத்தது. இன்று உலகத்திலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுவே. நான் சிறுபிராயத்தில் ஆனையிறவில் கண்ட உப்பு, கடலேரி நீரை அந்த வருஷத்து வெயிலே வற்றவைத்துத் தந்தது. இதுவோ, நாற்பது கோடி வருஷங்களுக்கு முன் வற்றிப்போன ஒரு சமுத்திரம். அத்தனை காலம் பாதாளத்தில் பத்திரமாக இருந்ததை நாம் ஏற்றி, ஒரே பனிக்காலத்துக்குள் ஓடையில் சேர்த்துவிடுகிறோம்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நம்மவர் வாக்கு. நான் கழுவினேன், என் வண்டி தண்ணீர் குடித்துப் பிழைத்தது. ஆனால் உப்பைத் தின்னாத ஓடை மீன் அந்த நீரைக் குடிக்கிறது. கழுவுதல் இரும்பைக் காக்கும், உப்பை அழிக்காது. உப்பைக் குறைப்பதற்கு ஒரே வழி, கொட்டுகிற கையைக் குறைப்பது.

ஏப்ரல் 6

நான் நினைத்தபடியே போன வாரம் ஒரு பனிப்பொழிவு வந்து போயிற்று. வாசற்படிக்குக் கைநிறைய அள்ளி வீசும் பழக்கத்தை விட்டு, முதலில் மண்வெட்டியால் பனியைச் சுத்தமாக வழித்துவிட்டு, பரல்கள் ஒன்றையொன்று தொடாதபடி கைக்கணக்காகத் தூவிப் பார்த்தேன்; சாதாரணத் தேநீர்க் கோப்பை ஒன்று, சுமார் 340 கிராம், நடைபாதையின் பத்துக் கற்களுக்குத் தாராளமாய்ப் போதுமானதாக இருந்தது. யாரும் வழுக்கி விழவில்லை.

வண்டியின் அடியை இன்று மறுபடியும் குனிந்து பார்த்தேன். வெள்ளை இல்லை, எண்ணெய்ப் பூச்சில் கொஞ்சம் தூசி மட்டும். உப்பு வாளியைக் கராஜின் மூலையில் ஒதுக்கி வைத்தேன். பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. அடுத்த பனிக்காலத்துக்கு வேறு வாங்கவேண்டியதில்லை.