தூக்குச்சட்டி

சுற்றுலா என்கிற வார்த்தை எங்கள் சேரியில் புழங்கியதில்லை. அறுப்புக்குப் போவது, களையெடுக்கப் போவது, கல்லுடைக்கப் போவது, இழவு சொல்லப் போவது, இவைதான் நாங்கள் போன பயணங்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஒரு இடத்துக்குப் போவது என்பதை அம்மாவுக்கு விளங்கவைக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆனது. "மலையப் பாக்க மதுரைக்குப் போகணுமாக்கும்? மேலூர்ப் பக்கம் நான் ஒடைக்காத மலையா?" என்றாள்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, மகள், அம்மா நாலு பேரும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கிளம்பினோம். அம்மா வெள்ளனவே எழுந்து சோறாக்கி, உப்புக்கண்டம் வறுத்துத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டாள். கடையில் சாப்பிட்டுக்கலாம் என்றால் கேட்கவில்லை. அவள் குமரியாயிருந்தபோது ஊர் டீக்கடையில் எங்களுக்குச் சிரட்டை. பிறகு கூரையில் செருகிய தனித் தம்ளர். காசு கொடுத்துக் குடிப்பதிலும் அவமானம் கலந்திருக்கும் என்று பழகிப்போன வயிறு அது.

மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மீனாட்சி கோயிலை. லின்னேயஸ் டிரைப் என்கிற வெள்ளைக்காரர் 1858இலேயே அதைப் படமெடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் உள்ளே போய்ப் பார்த்தது 1939 ஜூலை 8க்குப் பிறகுதான். அன்று வைத்தியநாத அய்யரோடு நுழைந்தவர்களில் ஒருவரான கக்கன் எங்கள் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர். வேடிக்கை பார்ப்பதற்கும் எங்களுக்குப் போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படிகள். அறுபத்தெட்டு வயசு அம்மா எங்களுக்கு முன்னால் ஏறினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். பேச்சிப்பள்ளத்தில், சுனைக்குப் பக்கத்துப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்பு படம் விரித்த பார்சுவநாதர், மகாவீரர், உடம்பில் கொடி சுற்றிய பாகுபலி. எல்லாம் 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. மகள் ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா சாமியைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தாள்.

"வெடி போடாம, சில்லு தெறிக்காம கொத்தியிருக்கான்யா. மூக்குக்கிட்ட உளி போறப்ப கை நடுங்குமே. யாரு கொத்துனான்னு எழுதியிருக்கா?"

வட்டெழுத்தில் இருப்பது செய்வித்தவர்களின் பேர்கள். அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஒரு தாயின் பேர் ஆயிரம் வருஷமாய் அங்கே நிற்பது நல்ல விஷயம்தான். கொத்தியவனைப் பெற்றவளின் பேர் இல்லை. அதைச் சொன்னதும் அம்மா, "அப்பயும் அப்பிடித்தானா" என்று சுனைத் தண்ணியை எட்டிப்பார்க்கப் போய்விட்டாள். மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகப் புராணம் சொல்லும் கதையையும் சொன்னேன். "சாமி பேரச் சொல்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

இறங்கி ஆலமரத்தடியில் உட்கார்ந்தோம். மலை ஏறி இறங்கியவனுக்குத்தான் சோற்றின் ருசி தெரியும். அம்மா மூடியைத் திறந்தாள். மிளகாயும் பூண்டும் போட்டு வறுத்த உப்புக்கண்ட வாசம். பக்கத்தில் போர்வை விரித்திருந்த குடும்பத்து அம்மா நல்ல மனுசி, எங்கள் பிள்ளைக்கு ரெண்டு அதிரசம் கொடுத்தார். கூடவே கேட்டார். "எந்த ஊரு நீங்க? மேலூரா? மேலூர்ல எந்தப் பக்கம்? வாசமா இருக்கே, என்ன கறி?"

அம்மா சட்டென்று மூடியைப் போட்டாள். "கருவாடு தாயி" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன். மாட்டுக்கறி எங்கள் உணவு, எங்கள் பண்பாடு என்று மேடையில் பேசியவன், பத்திரிகையில் எழுதியவன். அந்த மரத்தடியில், அதிரசத்தை மென்றுகொண்டிருந்த என் மகளுக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியில் விஷமம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. வெறும் சோற்றையும் ஊறுகாயையும் தின்றுவிட்டு எழுந்தோம்.

டவுனுக்கு வந்து ஒரு கடையில் கறிதோசை வாங்கிக் கொடுத்தேன். முட்டையும் கொத்துக்கறியும் பரத்தி, கல்லிலேயே திருப்பிப்போட்டு வேகவைத்தது. அம்மா முதலில் நாற்காலி ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். பரிமாறிய பையன், "இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா பாட்டி?" என்றதும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ரெண்டாவது தோசையும் கேட்டாள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடல்பாசியைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, "இதுக்கா இம்புட்டு வெல?" என்றவள் கிளாசை வழித்துக் குடித்தாள். "இங்க எவனும் ஊரு கேக்கல பாத்தியா" என்றாள்.

கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். "பொழுது சாயிறதுக்குள்ள வீடு சேரணும்" என்று நடக்க ஆரம்பித்தாள். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து போன பஸ்ஸை மறித்துத்தான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில் நடந்த கொலை அது. அம்மாவின் கணக்கில் பகலே அப்படியென்றால் ராத்திரிக்கு என்ன உத்தரவாதம்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த ரோட்டில் அவள் பஸ்ஸில் கண்மூடித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை கறுக்கத் தொடங்கியிருந்தது. மகள் பசிக்கிறது என்றாள். அம்மா மடியிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தாள். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். அம்மா இன்னொரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.