வெஸ்ட்கப்பெல்லெ: கரைக்காரர்களின் ஊர்

நெதர்லாந்தின் ஸேலண்ட் மாகாணத்தில், வால்ஹரன் நிலப்பகுதியின் மேற்கு முனையில் இருக்கிறது வெஸ்ட்கப்பெல்லெ. ஊருக்குள் நின்றால் கடல் கண்ணில் படாது. புல் மூடிய உயரமான அணைக்கரைதான் வானத்தை மறித்து நிற்கும். அதன்மேல் ஏறினால் வடகடல்.

ஆதியில் ஊர் இன்னும் மேற்கே இருந்தது. மணல்மேடுகளைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததால், 15-ஆம் நூற்றாண்டில் மக்கள் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். மணல்மேடு போன இடத்தில் அணைக்கரை எழும்பியது. அப்போது கட்டிய தேவாலயம் 1831-இல் எரிந்துபோனது. தப்பிய கோபுரம் இன்றும் கலங்கரை விளக்கம். பீட் மோன்ட்ரியான் வரைந்து புகழ்பெற்ற கோபுரம் அது.

ஊரின் பிழைப்பே அந்தக் கரையாகத்தான் இருந்தது. களிமண் சரிவில் வைக்கோலைப் பரப்பி, முறுக்கிய வைக்கோல் புரியைக் கவைக்கருவியால் நெருக்கமாக மண்ணுக்குள் அழுத்திப் பாய்போல இறுக்குவார்கள். அலை அடித்து மக்கியதும் மறுபடி புதிதாக வேய வேண்டியிருந்தது. அலை நேராக மோதும் இடங்களில் கல் பதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதே வேலை.

அந்தக் கரையை இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் 1944 அக்டோபர் 3 அன்று குண்டுவீசி உடைத்தன. ஆன்ட்வெர்ப் துறைமுகம் கைக்கு வந்தும், அங்கே செல்லும் ஸ்கெல்டே முகத்துவாரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. வால்ஹரனை நீரில் மூழ்கடித்து அவர்களை முடக்குவதே திட்டம். முந்தைய நாள் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை வீசினார்கள். சுற்றிலும் நீர் சூழ்ந்த தட்டை நிலத்தில் குடும்பத்தோடு எங்கே ஓடுவது? 240-க்கும் மேற்பட்ட விமானங்கள் அலை அலையாக வந்தன. ஊரில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நாற்பதுக்கும் அதிகமானோர் ஒரு காற்றாலைக்குள் ஒதுங்கியவர்கள். இடிபாடுகளில் சிக்கியிருந்தபோதே கடல் உள்ளே வந்துவிட்டது. போரின் கணக்கில் கரையை உடைக்கும் அந்த முடிவுக்குக் காரணம் இருக்கலாம். எனக்கு அந்தக் காற்றாலையைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

நவம்பர் 1-இல் அதே உடைப்பு வழியாகத்தான் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் கரையிறங்கி ஊரை மீட்டார்கள். அதன்பிறகும் கடல் நாளுக்கு இருமுறை வயல்களில் ஏறி இறங்கியது. மரங்கள் உப்பேறிப் பட்டுப்போயின. வால்ஹரனில் இப்படி உடைந்த இடங்கள் நான்கு. அவற்றை அடைக்க வில்லோ விளார்களை மெத்தையாகப் பின்னிக் கல்லேற்றி அமிழ்த்தினார்கள். பழைய கப்பல்களையும் கான்கிரீட் பெட்டகங்களையும் மூழ்கடித்தார்கள். வெஸ்ட்கப்பெல்லெ உடைப்பு 1945 அக்டோபரில் அடைபட்டது.

பாய்ந்த நீர் குடைந்த பள்ளம் உப்பேரியாகக் கரைக்கு உட்புறம் இன்றும் கிடக்கிறது. கரைமேல் ஒரு ஷெர்மன் டாங்கி நினைவுச்சின்னமாக நிற்கிறது. ஊரார் அக்டோபர் 3-இல் இறந்தவர்களையும் நவம்பர் 1-இல் விடுதலையையும் தனித்தனியே நினைவுகூர்கிறார்கள். அப்படித் தனியாக வைத்திருப்பதே நியாயம் என்று படுகிறது.